க்யூவில் சேர ஒரு க்யூ - செக்ஷன் 8 கதை

அமெரிக்காவில் வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்க விளம்பரத்தோட கடைசி வரியில "நோ பெட்ஸ், நோ ஸ்மோக்கிங், நோ செக்ஷன் 8"னு போட்டிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. நாய் வேண்டாம், சிகரெட் வேண்டாம், புரியுது. அந்த மூணாவது என்னன்னு நம்மாளுங்க பெரும்பாலும் கண்டுக்கறதில்லை. ஏதோ சட்டப் பிரிவு போலன்னு தாண்டிப் போயிடுவோம். அங்கே வேண்டாம்னு சொல்லப்படறது மனுஷங்க. சில மாநிலங்கள்லயும் நகரங்கள்லயும் இப்படி விளம்பரம் போடறது இப்போ சட்டப்படி தப்பு. பல இடங்கள்ல இன்னும் தப்பில்லை.

செக்ஷன் 8 என்பது ஏழைக் குடும்பங்களுக்கான வாடகை உதவித் திட்டம். கணக்கு ரொம்ப சிம்பிள். குடும்பம் தன் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுக்கும். மிச்சத்தை, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசு நேரா வீட்டுக்காரருக்குக் கட்டிடும். மாச வருமானம் 1,000 டாலர், வாடகை 1,200 டாலர்னு வெச்சுக்குங்க. குடும்பம் 300 கொடுக்கும், அரசு 900 கொடுக்கும். சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இந்த வவுச்சரை வெச்சுத்தான் குடியிருக்காங்க.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மத்திய அரசின் ஏதாவது ஒரு வாடகை உதவிக்குத் தகுதி உள்ள குடும்பங்கள்ல, ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்குத்தான் அது கிடைக்குது. மிச்ச மூணு குடும்பம்? வெயிட்டிங் லிஸ்ட்டில் நிக்குது. அல்லது வெயிட்டிங் லிஸ்ட் எப்போ திறக்கும்னு காத்துக்கிட்டிருக்கு. இந்தப் பதிவு அந்த லிஸ்ட்டோட வரலாறு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

லிஸ்ட்டே இல்லாத காலம்

கொசுவத்தியை 1930-களுக்கு சுத்துவோம். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். நியூயார்க்கில் 1934ல் நகர வீட்டு வாரியம் ஆரம்பிச்சாங்க. 1935ல் லோயர் ஈஸ்ட் சைடில் 'ஃபர்ஸ்ட் ஹவுசஸ்' என்ற குடியிருப்பு திறந்தது. 1937ல் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்ட வீட்டுவசதிச் சட்டம் இதை நாடு முழுக்கக் கொண்டு போச்சு. அப்போ வவுச்சர் எல்லாம் கிடையாது. அரசே வீடு கட்டும், அரசே வாடகைக்கு விடும்.

வீடு கொஞ்சம், கேட்கறவங்க ஏராளம். யாருக்குக் கொடுக்கறது? "நல்ல குடும்பமா"ன்னு பார்த்துக் கொடுத்தாங்க. ஆள் வந்து வீட்டைப் பார்ப்பாங்க, விசாரிப்பாங்க. 1953ல் நியூயார்க் வாரியம் விரும்பத்தகாத குணங்கள்னு ஒரு பட்டியலே போட்டது. மொத்தம் 21 அம்சம். குடிப்பழக்கம் அதில் உண்டு. நிலையான வேலை இல்லாதது உண்டு. கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கற தாயும் உண்டு. வீட்டில் போதுமான மேசை நாற்காலி இல்லைங்கறதும் உண்டு! ஏழைக்கு வீடு கொடுக்க வந்தவங்க, ஏழையா இருக்கறதையே குறையா எழுதி வெச்சிருந்தாங்க.

இதுக்கு ஒரு முடிவு கட்டினது ஒரு வழக்கு. 1966ல் 31 பேர் சேர்ந்து நியூயார்க் வாரியத்து மேல கேஸ் போட்டாங்க. 'ஹோம்ஸ் எதிர் நியூயார்க் நகர வீட்டு வாரியம்'னு அதுக்குப் பேர். அவங்க சொன்ன விவரங்களைப் படிச்சா தலை சுத்தும். வருஷத்துக்கு சுமார் 90,000 விண்ணப்பம் வருது, சுமார் 10,000 குடும்பத்துக்குத்தான் இடம் கிடைக்குது. விண்ணப்பம் வந்த தேதி வரிசையில் எடுக்கறதில்லை. எந்த வரிசைன்னு வெளியில சொல்றதுமில்லை. 2 வருஷம் ஆனா விண்ணப்பம் காலாவதி. மறுபடி போடணும், போட்டாலும் பழைய காத்திருப்புக்கு எந்த மதிப்பும் இல்லை. நிறைய விண்ணப்பங்களை யாரும் பிரிச்சுக்கூடப் பார்க்கலை.

பொட்டி தட்டற நம்ம பாஷையில் சொன்னா, அது க்யூவே இல்லை. ஒரு பெரிய தொட்டி. மேல இருந்து கொட்டுவாங்க, நடுவுல கைக்கு அகப்பட்டதை எடுப்பாங்க, டைம்-அவுட் ஆனதும் டெலிட்.

இந்த வழக்கைத் தள்ளுபடி பண்ண முடியாதுன்னு 1968ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. விண்ணப்பதாரர்களைத் தேர்ந்தெடுக்க, யாரும் தெரிஞ்சுக்கக் கூடிய விதிமுறை இருந்தாகணும். ஒரே தகுதியில் பல பேர் இருந்தா சீட்டுக் குலுக்கியோ, விண்ணப்பித்த தேதி வரிசைப்படியோ, ஏதாவது நியாயமான முறையில் எடுக்கணும். இதுதான் தீர்ப்போட சாரம். இன்னிக்கும் செக்ஷன் 8 விதிகள்ல, ஒரே முன்னுரிமை உள்ளவங்களுக்கு நடுவுல இந்த ரெண்டே வழிதான்: தேதி-நேரம், இல்லேன்னா குலுக்கல்.

இங்கே கொஞ்சம் நிக்கணும். வெயிட்டிங் லிஸ்ட்னாலே நமக்கு எரிச்சல். ஆனா இந்த மக்களுக்கு வரிசையில் ஒரு இடம் என்பதே கேஸ் போட்டு வாங்கின உரிமை. வீட்டில் நாற்காலி இருக்கான்னு பார்க்கற அதிகாரியைவிட, தேதி பார்க்கற பட்டியல் எவ்வளவோ தேவலை.

1974, வவுச்சர் வந்த கதை

அரசு கட்டின அடுக்குமாடிகள் பல நகரங்கள்ல சீரழிஞ்சு போக, 1973 ஜனவரியில் நிக்ஸன் அரசு புதிய வீட்டு மானியங்களை நிறுத்தி வெச்சது. மறு வருஷம் நிக்ஸன் வாட்டர்கேட்டில் ராஜினாமா. அடுத்து வந்த ஃபோர்டு, 1974 ஆகஸ்ட் 22 அன்னிக்கு ஒரு புதுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 1937 சட்டத்தோட எட்டாவது பிரிவை இது திருத்தி எழுதினது. செக்ஷன் 8ங்கற பேர் அங்கிருந்துதான் வருது. அரசு வீடு கட்ட வேண்டாம், தனியார் வீட்டுக்கு வாடகையில் ஒரு பங்கைக் கொடுத்தாப் போதும்ங்கறது யோசனை. குடும்பத்தோட பங்கு முதல்ல 25 சதவீதம். 1981ல் 30 ஆக்கினாங்க.

இதே சமயத்தில் நடந்த ஒரு பரிசோதனை பத்தி அதிகம் பேர் பேசறதில்லை. விஸ்கான்சினில் க்ரீன் பே இருக்கற கவுண்டி, இண்டியானாவில் சவுத் பெண்ட் இருக்கற கவுண்டி. இந்த ரெண்டு இடத்துல மட்டும், தகுதி உள்ள யார் வந்து கேட்டாலும் வாடகை உதவின்னு அரசு அறிவிச்சது. லிஸ்ட் கிடையாது, குலுக்கல் கிடையாது. ராண்ட் ஆய்வு நிறுவனம் உட்கார்ந்து கணக்கெடுத்தது. எல்லாருக்கும் பணம் கொடுத்தா வீட்டுக்காரங்க வாடகையை ஏத்திடுவாங்க, மார்க்கெட்டே நாறிப் போயிடும்னு ஒரு பயம் இருந்தது. அப்படி எதுவும் பெரிசா நடக்கலை. வாடகையில் இந்தத் திட்டத்தால வந்த ஏற்றம் ரொம்பச் சொற்பம்னுதான் முடிவு வந்தது. தகுதி உள்ள எல்லாரும் வந்து சேரவும் இல்லை.

அப்போ நாடு முழுக்க அதையே பண்ணியிருக்கலாமே? பண்ணலை. காரணம், காசு. உணவு உதவித் திட்டத்தில் தகுதி இருந்தா கிடைச்சாகணும்னு சட்டம் இருக்கு. வாடகை உதவியில் அப்படி இல்லை. காங்கிரஸ் வருஷா வருஷம் எவ்வளவு ஒதுக்குதோ அவ்வளவுதான் வவுச்சர். தீர்ந்து போனா லிஸ்ட். லிஸ்ட்டும் ரொம்ப நீண்டு போனா, லிஸ்ட்டையே மூடிடுவாங்க.

மூடின கதவுக்கு வெளியே

ரயில் டிக்கெட்டில் வெயிட்டிங் லிஸ்ட் 45னு வந்தா நமக்கு ஒரு கணக்கு இருக்கும். எத்தனை பேர் கேன்சல் பண்ணுவாங்க, ஆர்.ஏ.சி. வருமா, சார்ட் எப்போ போடுவாங்கன்னு யூகிச்சிடலாம். இங்கே சார்ட் போடற நாளே கிடையாது. ஒரே தேசிய லிஸ்ட்டும் இல்லை. நாடு முழுக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் வீட்டு வாரியங்கள், ஒவ்வொண்ணும் தனி லிஸ்ட், தனி விதி.

லிஸ்ட் திறந்தா என்ன ஆகும்? 2010 ஆகஸ்ட், அட்லாண்டா பக்கத்துல ஈஸ்ட் பாயிண்ட்னு ஒரு ஊர். 2002க்கு அப்புறம் முதல் முறையா விண்ணப்பம் கொடுத்தாங்க. கொளுத்தற வெயில்ல சுமார் 30,000 பேர் கூடிட்டாங்க. தள்ளுமுள்ளு, மயக்கம். 62 பேருக்கு சிகிச்சை தேவைப்பட்டது. அந்த ஊர் வாரியத்துகிட்ட மொத்தமே 455 வவுச்சர், அத்தனையும் ஏற்கெனவே ஆட்கள் கையில். அதாவது அன்னிக்கு அங்கே யாருக்கும் வீடு தர்றதா இல்லை. லிஸ்ட்டில் சேர்றதுக்கான பேப்பருக்குத்தான் அவ்வளவு கூட்டம்.

பிறகு பல ஊர்கள் ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் குலுக்கல்னு மாறினாங்க. அடிபடறது நின்னது. எண்ணிக்கை குறையலை.

லாஸ் ஏஞ்சலஸ்: 2004க்குப் பிறகு 2017ல்தான் லிஸ்ட் திறந்தது, குலுக்கலில் 20,000 பேருக்கு இடம். அடுத்து 2022ல் திறந்தப்போ 2.2 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம், 30,000 இடம்.

வாஷிங்டன் டி.சி.: 2013ல் சுமார் 70,000 பேர் சேர்ந்த நிலையில் லிஸ்ட்டை மூடினாங்க.

நியூயார்க்: 1994ல் மூடினது 2007ல் திறந்தது. 2009 கடைசியில் மறுபடி மூடினாங்க. அடுத்து திறந்தது 2024 ஜூனில், அதுவும் ஒரே வாரம். வந்த விண்ணப்பம் 6.33 லட்சம். குலுக்கலில் லிஸ்ட்டுக்குள்ள போனவங்க 2 லட்சம்.

கவனிங்க, அந்த 2 லட்சம் பேருக்குக் கிடைச்சது வவுச்சர் இல்லை. காத்திருக்க அனுமதி. சென்டர் ஆன் பட்ஜெட் அண்ட் பாலிசி ப்ரையாரிட்டீஸ் என்ற ஆய்வு மையம் 2021ல் கணக்குப் போட்டது. வவுச்சர் கிடைச்ச குடும்பங்களே சராசரியா சுமார் இரண்டரை வருஷம் காத்திருந்திருக்காங்க. கடைசி வரைக்கும் கிடைக்காதவங்க இந்த சராசரியில் சேர்த்தி இல்லை.

லிஸ்ட்டில் தொலைஞ்சு போறது எப்படி

லிஸ்ட்டுக்குள்ள வந்தாச்சு. இனி வரிசை நகரும்னு நினைச்சா, அதுவும் நேர் வரிசை இல்லை. ஒரு காலத்தில் யாரை முன்னாடி எடுக்கணும்னு வாஷிங்டனே விதி வெச்சிருந்தது: வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவங்க, மோசமான வீட்டில் இருக்கறவங்க, வருமானத்தில் பாதிக்கு மேல் வாடகைக்குப் போறவங்க. 1998 சட்டம் அதை எடுத்துட்டு, முன்னுரிமையை உள்ளூர் வாரியங்கள்கிட்ட விட்டது. கூடவே, புதுசா எடுக்கறவங்கள்ல 75 சதவீதம் மிகக் குறைந்த வருமானக்காரங்களா இருக்கணும்னும் சொன்னது. இன்னிக்கு ஒரு ஊரில் வீடற்றவங்க முதல், இன்னொரு ஊரில் முன்னாள் ராணுவத்தினர், வேறொரு ஊரில் உள்ளூர்வாசிகள். நம்ம ப்ரையாரிட்டி க்யூ மாதிரியேதான். பின்னாடி வந்தவர் முன்னாடி போவார். அதனால இன்னிக்கு 400னு தெரியற நம்பர் அடுத்த வருஷம் 450 ஆனாலும் ஆகலாம்.

இதைவிடக் கொடுமை லிஸ்ட்டைச் சுத்தம் பண்றது. சில வருஷத்துக்கு ஒருமுறை வாரியம் எல்லாருக்கும் கடிதம் அனுப்பும்: "இன்னும் தேவையா? இந்தத் தேதிக்குள்ள பதில் போடுங்க." பதில் இல்லேன்னாலும், கடிதம் திரும்பி வந்தாலும் பேரை எடுத்துடலாம். யோசிச்சுப் பாருங்க. வாடகை கட்ட முடியாதவங்கதான் வருஷத்துக்கு ரெண்டு வீடு மாறுவாங்க, சொந்தக்காரங்க சோஃபாவில் படுப்பாங்க, கார்ல தூங்குவாங்க. நிலையான முகவரி இல்லாததால உதவி கேட்டவங்களை, நிலையான முகவரி இல்லைங்கற காரணத்தாலேயே லிஸ்ட் தள்ளிவிடுது. 2 வருஷத்துல காலாவதியான 1960-களின் விண்ணப்பம் வேற வேஷத்தில் திரும்பி வந்த மாதிரி இருக்கு. உடல்நலக் குறைபாட்டால பதில் போட முடியலைன்னா மட்டும் பழைய இடத்தைத் திருப்பித் தரணும்னு விதி இருக்கு.

இதைத் தெரிஞ்சவங்க பண்றது என்னன்னா: ஒரே ஊர்ல மட்டும் போடாம, திறந்திருக்கற பல ஊர் லிஸ்ட்ல போடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் உறுதிச் சீட்டு நம்பர், போட்ட தேதி, கடைசியா பதில் போட்ட தேதின்னு ஒரு நோட்டு. முகவரி மாறினா எல்லா ஊருக்கும் எழுத்துல தெரிவிப்பாங்க. நம்பகமான ஒருத்தர் முகவரியைக் கடிதத்துக்குக் கொடுப்பாங்க. பேரை எடுத்துட்டா, மறுபரிசீலனை கேட்பாங்க. ரெண்டு வேலை பார்த்துக்கிட்டு, குழந்தையையும் வெச்சுக்கிட்டு, இத்தனையும் வருஷக்கணக்கா. எங்க ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கே இவ்வளவு ட்ராக்கிங் வராது :-)

கடைசியா வவுச்சர் கைக்கு வந்தா, வீடு தேட முதல்ல கிடைக்கறது குறைஞ்சது 60 நாள். நீட்டிப்பு கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். 2000ல் பெருநகரங்கள்ல எடுத்த ஒரு ஆய்வில், வவுச்சர் வாங்கினவங்கள்ல 69 சதவீதம் பேர்தான் அதை வெச்சு வீடு பிடிச்சாங்க. மத்தவங்க கையில வவுச்சரோட வெளியில நின்னாங்க. நோ செக்ஷன் 8.

க்யூ இல்லாத மானியம்

"வரி கட்டறவன் காசுல எத்தனை பேருக்குத்தான் கொடுக்கறது?"ன்னு கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா வீட்டுக்கு அரசு கொடுக்கற இன்னொரு சலுகையும் இருக்கு. வீட்டுக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு. 1913ல் வருமான வரி வந்த நாளில் இருந்து ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கு. 2017 சட்டம் அதைக் கொஞ்சம் சுருக்கினாலும் போயிடலை. வீடு வாங்கின நம்மாளுங்க நிறைய பேர் அதை அனுபவிச்சிருக்காங்க. அதுக்கு லிஸ்ட் உண்டா? இந்த வருஷக் கோட்டா முடிஞ்சது, 2031ல் வாங்கன்னு யாராவது சொன்னாங்களா? குலுக்கல்ல உங்க பேர் வரலைன்னு கடிதம் வந்ததா? தகுதி இருந்தா ஃபார்மை நிரப்பறோம், கிடைக்குது.

1968ல் நீதிமன்றம் லிஸ்ட்டை நியாயமா நடத்தச் சொன்னது. அது பெரிய விஷயம். ஆனா க்ரீன் பேயில் லிஸ்ட்டே இல்லாம நடத்திக் காட்டி ஐம்பது வருஷம் ஆகுது. வீடு போதலை, அதனால லிஸ்ட்னு சொல்றதை என்னால முழுசா ஏத்துக்க முடியலை. யாரைக் காக்க வைக்கலாம், யாரைக் காக்க வைக்கக் கூடாதுன்னு எடுத்த முடிவுதான் இந்த லிஸ்ட். மாற்றுக் கருத்து இருந்தா பின்னூட்டத்தில் வந்து சண்டை போடுங்க.

டிஸ்கி: ஹெச்1பி-யில் இருக்கறவங்களுக்கு இந்தத் திட்டத்தில் இடம் கிடையாது. ஆனா குடியுரிமை வாங்கி, குறைஞ்ச வருமானத்தில் தனியா இருக்கற பெரியவங்க யாரையாவது தெரிஞ்சா, உள்ளூர் வீட்டு வாரியத்தில் லிஸ்ட் திறந்திருக்கான்னு கேட்கச் சொல்லுங்க. விண்ணப்பிக்க ஒரு பைசா கிடையாது. காசு கொடுத்தா லிஸ்ட்டில் சேர்த்து விடறேன்னு சொல்ற வெப்சைட் எல்லாம் ஏமாத்து வேலை.