ஸுபைர் (ரலி) அவர்களின் கடன் தீர்ந்த வரலாறு

கடன் சுமையில் தவிப்போருக்கு மார்க்கம் காட்டும் வழி என்ன என்று கேட்கிறீர்கள். ஹிஜ்ரி 36-இல் ஜமல் போரின்போது ஷஹீதான ஹள்ரத் ஸுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள்.

அன்னார் விட்டுச்சென்ற கடன் 22 இலட்சம் என ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அது ஆடம்பரத்தால் வந்த கடனன்று. மக்கள் அமானிதமாகக் கொண்டுவந்த பணம் தொலைந்தால் அவர்களுக்கு நஷ்டமாகிவிடுமே என்றஞ்சி, அதைக் கடனாகவே பெற்றுக்கொண்டார்கள். மறைந்தபோது கையில் ரொக்கமில்லை. நிலங்களும் வீடுகளுமே இருந்தன.

மகனார் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் மதீனாவை அடுத்த ஃகாபா நிலத்தை விற்க முன்வந்தார்கள். தந்தை 1,70,000-க்கு வாங்கியது 16 இலட்சம் பெறுமதியாயிற்று. அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களுக்கு 4 இலட்சம் சேரவேண்டியிருந்தது. முழுவதையும் விட்டுக்கொடுப்பதாகச் சொன்னார்கள், மகனார் ஏற்கவில்லை. தவணை தருவதாகச் சொன்னார்கள், அதையும் ஏற்கவில்லை. இறுதியில் நிலத்தில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொண்டார்கள்.

சிரமப்படுவோருக்கு அவகாசமளிப்பதையும் விட்டுக்கொடுப்பதையும் அல்பகரா 280-ஆம் வசனம் போதிக்கிறது. விற்க நிலமே இல்லாதவர்? அத்தவ்பா 60-ஆம் வசனம் ஸகாத்தில் கடனாளிகளுக்கென்றே ஒரு பங்கை வைத்துள்ளது. நம் மஹல்லாக்களில் ஸகாத் பிரிக்கையில் இந்தப் பங்கு எத்தனை பேர் நினைவுக்கு வருகிறது?

கடன் தீர்ந்ததும் வாரிசுகள் சொத்தைப் பங்கிடக் கோரினர். மகனார் இணங்கவில்லை. தந்தையிடம் கடன் வரவேண்டியவர் எவரேனும் இருப்பின் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று, 4 ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலத்தில் அறிவித்த பின்னரே பங்கிட்டார்கள்.