இன்சுலின் ஊசியும் அது பட்ட இடமும்

நீரிழிவுடையோர் பலர் இன்று தம் கையாலேயே இன்சுலின் ஊசி இட்டுக்கொள்கின்றனர். ஊசி பட்ட இடம் புண்படுவதற்கு நீண்ட வரலாறு உண்டு.

1922 ஜனவரி 11ஆம் நாள், கனடாவின் டொராண்டோ நகரில், லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு, பாண்டிங்கும் பெஸ்ட்டும் மாட்டின் கணையத்திலிருந்து வடித்த சாறு முதன்முதலாக ஏற்றப்பட்டது. பயன் சிறிதே, ஊசியிட்ட இடத்தில் சீழ்க்கட்டி எழுந்தது. சாற்றில் மாசு மிகுதி. ஜேம்ஸ் காலிப் அதனைத் தூய்மை செய்து தந்தார். ஜனவரி 23இல் மீண்டும் ஊசி போடப்பட்டது; சிறுவன் தேறினான்.

பின்னரும், மாடு, பன்றி இவற்றின் இன்சுலினில் எஞ்சிய மாசினால் பலருக்குத் தோலடிக் கொழுப்புக் கரைந்து குழி விழுந்தது. 1970களில் மருந்தின் தூய்மை உயர்ந்தது. 1982இல் மனித இன்சுலின் வழக்கிற்கு வந்தது. குழிகள் அரிதாயின.

ஆயினும், ஒரே இடத்தில் ஓயாது குத்துவதால் எழும் கொழுப்பு வீக்கம் இன்றும் காணப்படுகிறது. இது மருந்தின் குற்றமன்று. பெரிதும் நம் வழக்கத்தின் குற்றம். வலி குறைவென்று அங்கேயே குத்தினால் மருந்து சீராக உடலிற் சேராது. சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும். எனவே, ஒவ்வொரு முறையும் இடத்தைச் சற்று மாற்றுக. புது ஊசியே கொள்க. வீங்கிய இடத்தை விட்டு நல்ல இடத்திற்கு மாறுகையில் பழைய அளவே மிகையாகி, சர்க்கரை திடீரெனத் தாழலாம். ஆதலின் மருத்துவரைக் கேட்டே மாறுக.