சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த ஐன்ஸ்டைன்

"அவன் சிபாரிசில் வந்தவன்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது பாராட்டு அல்ல. திறமை இல்லை, ஆள் பிடித்து உள்ளே நுழைந்துவிட்டான் என்று பொருள். அப்படிப் பார்த்தால் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் சிபாரிசில் வந்தவர்தான். 1902-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், காப்புரிமை அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைக்கக் காரணம், கூடப் படித்த நண்பனின் அப்பா சொன்ன ஒரு வார்த்தை. இது பலரும் படித்திருக்கக்கூடிய செய்தி. அதற்கு முன் அவர் யார் யார் கதவையெல்லாம் தட்டினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சூரிக் பாலிடெக்னிக்கில் 1900-ம் ஆண்டு அவர் பிரிவில் இறுதித் தேர்வு எழுதியவர்கள் ஐந்தே பேர். மிலேவா மாரிச் (பின்னாளில் ஐன்ஸ்டைனின் மனைவி) தேறவில்லை. மற்ற நால்வரும் தேறினார்கள். அவர்களில் மார்செல் கிராஸ்மான், எராட், கோல்ரோஸ் ஆகிய மூவருக்கும் அதே கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைத்தது. கிடைக்காத ஒரே ஆள் ஐன்ஸ்டைன்.

அவர் மீதும் தவறு இருந்தது. வகுப்புகளை மட்டம் போட்டுவிட்டு, தேர்வு நெருங்கும்போது கிராஸ்மானின் நோட்டுப் புத்தகங்களை வாங்கிப் படித்துத் தேறியவர் அவர். (அந்த நோட்டுகள் இன்றும் சூரிக்கில் பத்திரமாக இருக்கின்றன. அத்தனை சுத்தமான கையெழுத்து. எல்லா வகுப்பிலும் அப்படி ஒருவர் இருப்பார், அவரை நம்பி நாலு பேர் இருப்பார்கள்!) இயற்பியல் பேராசிரியர் ஹைன்ரிக் வெபரை "பேராசிரியர் அவர்களே" என்று அழைக்காமல் வெறுமனே "திரு. வெபர்" என்று கூப்பிடுவார். அந்தக் கால ஜெர்மன் மொழிக் கல்லூரிகளில் இது சின்ன விஷயம் இல்லை. பிறகு வேலை கேட்ட இடத்திலெல்லாம் கதவு சாத்தப்பட்டபோது, வெபர்தான் தன்னைப் பற்றித் தவறாகச் சொல்லி வைத்திருக்கிறார் என்று ஐன்ஸ்டைன் உறுதியாக நம்பினார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் தன்னைப் பிடிக்காத பேராசிரியரின் பெயரைத்தான் விண்ணப்பத்தில் காட்டியாக வேண்டும் என்ற நிலையில் உள்ள மாணவனுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயற்கைதான்.

1901 வசந்தத்தில் அவர் மிலான் நகரில் பெற்றோருடன் இருந்தார். அந்த நாட்களில் ஐரோப்பாவின் பெரிய பேராசிரியர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார். மார்ச் 19 அன்று லைப்சிக்கில் இருந்த வேதியியல் அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு, தன் முதல் ஆய்வுக் கட்டுரையையும் இணைத்து ஒரு கடிதம். பதில் இல்லை. ஏப்ரல் 3 அன்று இன்னொரு அட்டை. போன கடிதத்தில் என் முகவரியைக் குறிப்பிட்டேனா என்று நினைவில்லை என்று ஒரு சாக்கு! வேலை தேடிய எவருக்கும் இந்தச் சாக்கு புரியும். அதற்கும் பதில் இல்லை. ஏப்ரல் 12 அன்று ஹாலந்தின் லெய்டன் நகரில் இருந்த காமர்லிங் ஓனஸுக்கு ஒரு தபால் அட்டை. நம் ஊர் தபால் ஆபீசில் ரிப்ளை கார்டு என்று விற்பார்களே, அதுபோலப் பதில் எழுதவும் ஓர் அட்டையைச் சேர்த்தே அனுப்பினார். அந்தப் பதில் அட்டை எழுதப்படாமலே கிடந்தது. இப்போது அது லெய்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

அடுத்த நாள், ஏப்ரல் 13. ஐன்ஸ்டைனின் அப்பா ஹெர்மன், மகனுக்குத் தெரியாமல் ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹெர்மன் ஒரு வியாபாரி. படிப்புலகத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தொழிலில் நஷ்டப்பட்டு, உடல்நலமும் கெட்டிருந்த நேரம். வேலையில்லாமல் மகன் மனம் உடைந்து போயிருக்கிறான், எங்களுக்குப் பாரமாக இருக்கிறோமே என்று வருந்துகிறான், அவன் கட்டுரையைப் படித்து உற்சாகமாக நாலு வரி எழுதுங்கள், முடிந்தால் ஓர் உதவியாளர் வேலை கொடுங்கள், நான் எழுதியது அவனுக்குத் தெரியாது... சுருக்கமாக இதுதான் கடிதத்தின் சாரம். ஒரு பெரிய மனிதரிடம் முன்பின் தெரியாத ஒரு தகப்பன் கேட்ட சிபாரிசு. இதற்கும் பதில் வந்ததாகத் தெரியவில்லை.

அதே நாட்களில்தான் கிராஸ்மானின் கடிதம் மிலானுக்கு வந்து சேர்ந்தது. நண்பன் படும் பாட்டைக் கிராஸ்மான் தன் அப்பாவிடம் சொல்ல, அப்பா தனக்குப் பழக்கமான பிரெடரிக் ஹாலரிடம் பேசியிருந்தார். ஹாலர், பெர்ன் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநர். ஏப்ரல் 14 அன்று ஐன்ஸ்டைன் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். அதிர்ஷ்டம் இல்லாத பழைய நண்பனை மறக்கவில்லையே என்று நெகிழ்ந்துபோய் எழுதிய கடிதம் அது. ஒரே வீட்டில், ஒரு நாள் இடைவெளியில், இரண்டு கடிதங்கள். ஒன்று மகனுக்குத் தெரியாமல் கெஞ்சி எழுதியது, இன்னொன்று மகன் நன்றியோடு எழுதியது.

சிபாரிசு சொன்னதும் மறுநாளே வேலை வந்துவிடவில்லை. காலியிடம் உருவாக வேண்டும், அரசு முறைப்படி விளம்பரம் வர வேண்டும். அதுவரை வின்டர்தூரில் இரண்டு மாதம் தற்காலிக ஆசிரியர், பிறகு ஷாஃப்ஹவுசனில் ஒரு தனியார் பள்ளி. 1901 டிசம்பரில்தான் விளம்பரம் வந்தது. டிசம்பர் 18 அன்று விண்ணப்பித்தார். வேலை உறுதியாகும் முன்பே பெர்னுக்குக் குடிபெயர்ந்து, கணிதமும் இயற்பியலும் சொல்லித் தரப்படும் என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து டியூஷன் எடுத்தார். 1902 ஜூன் 16 அன்று நியமன உத்தரவு வந்தது. விளம்பரத்தில் சொன்ன இரண்டாம் நிலைப் பதவி இல்லை, அதற்கும் கீழே, மூன்றாம் நிலைத் தொழில்நுட்ப நிபுணர். அதுவும் தற்காலிகம். ஆண்டுச் சம்பளம் 3,500 பிராங்க். கிராஸ்மானின் அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு வாய்ப்பு மட்டும்தான், சலுகை அல்ல. பொறியியல் வரைபடங்களைப் படிக்க ஹாலரிடம் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஹெர்மன் இறந்துபோனார். மகனுக்கு வேலை கிடைத்ததையாவது பார்த்துவிட்டுப் போனார்.

வேலையில் அமர்ந்தபின் ஐன்ஸ்டைன் இன்னொருவருக்கு வழிகாட்டினார். அலுவலகத்தில் ஓர் இடம் காலியானதும் தன் நண்பர் மிஷேல் பெசோவை விண்ணப்பிக்கச் சொன்னார். 1904-ல் பெசோ சேர்ந்தார், அதுவும் ஐன்ஸ்டைனை விட ஒரு படி மேலான பதவியில்! இருவரும் வேலை முடிந்து ஒன்றாகப் பேசிக்கொண்டே வீட்டுக்கு நடப்பார்கள். 1905-ல் வெளியான சார்பியல் கட்டுரையில் மேற்கோள் நூல் பட்டியல் என்று ஒன்று கிடையாது. கடைசியில் ஒரே ஒருவருக்கு நன்றி சொல்லப்பட்டிருக்கிறது, நண்பரும் சக ஊழியருமான பெசோவுக்கு. அதே ஆண்டு எழுதிய முனைவர் பட்ட ஆய்வைக் கிராஸ்மானுக்குச் சமர்ப்பித்தார்.

பதில் போடாத ஆஸ்ட்வால்டு என்ன ஆனார்? 1909-ல் ஜெனீவா பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தவர்களில் ஆஸ்ட்வால்டும் ஐன்ஸ்டைனும் இருந்தார்கள். 1910-ம் ஆண்டு நோபல் பரிசுக்கு ஐன்ஸ்டைன் பெயரை முதன்முதலில் முன்மொழிந்தவரும் இதே ஆஸ்ட்வால்டுதான். ஹெர்மன் கேட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த சிபாரிசு! காமர்லிங் ஓனஸும் பின்னாளில் லெய்டனில் ஐன்ஸ்டைனுக்குச் சக பேராசிரியர் ஆனார்.

தன்னை உதவியாளராக எடுத்துக்கொள்ளாத அதே சூரிக் கல்லூரிக்கு 1912-ல் ஐன்ஸ்டைன் பேராசிரியராகத் திரும்பினார். அவருக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதியவர்கள் மேரி கியூரியும் ஆன்ரி புவான்காரேயும். ஆனால் அழைத்துவர உள்ளே இருந்து பாடுபட்டவர்களில் முக்கியமானவர் அங்கே துறைத் தலைவராக இருந்த கிராஸ்மான். வந்து சேர்ந்ததும் ஐன்ஸ்டைன் பழையபடி அவரிடமே ஓடினார், இந்த முறை நோட்டுப் புத்தகத்துக்காக அல்ல. வளைந்த வெளிக்கான கணிதம் அவருக்குத் தேவைப்பட்டது. 1913-ல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைதான் பொதுச் சார்பியலுக்குப் போன பாதையில் முக்கியமான படி.

1936-ல் நீண்ட கால நரம்பு நோயால் கிராஸ்மான் இறந்தார். அமெரிக்காவில் இருந்த ஐன்ஸ்டைன் அவர் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்த நோட்டுப் புத்தகங்களை நினைவுகூர்ந்தார். அப்பாவும் மகனுமாகத் தன்னை ஹாலரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததையும் எழுதினார். அந்த உதவி இல்லாவிட்டால் செத்துப்போயிருக்க மாட்டேன், ஆனால் அறிவு வாடிப்போயிருக்கும் என்று அந்தக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.