பழையதைக் கழற்றாமல் புதியதைப் பூட்டுதல்

கணிப்பொறியோ கைப்பேசியோ வைத்திருப்போர் யாவரும் புதுப்பிப்பு வந்துள்ளது என்னும் அறிவிப்பை அறிவர். அதனை ஏற்றபின் கருவி விழிக்காமலே போய்விடுமோ என்னும் அச்சமும் அவர்களுக்குப் புதிதன்று. மென்பொருள் வல்லுநர் இதற்குக் கண்ட மாற்று எளியது. பழைய பதிப்பை அழித்து அதன்மீது புதியதை எழுதாமல், அதன் அருகே தனி இடத்தில் புதியதை நிறுவுகின்றனர். எது இயங்க வேண்டும் என்பதை ஒரு சுட்டி தீர்மானிக்கிறது. புதியதில் பழுது காணப்படின் சுட்டியைத் திருப்பினால் போதும். நேற்றைய நிலை மீண்டுவிடும். 2016-இல் வெளிவந்த ஆண்டிராய்டு ஏழாம் பதிப்பு இம்முறைக்குக் கைப்பேசியில் இடமளித்தது. 'ரோல்பேக்' எனப்படும் இவ்வசதியைத் 'திரும்பு வழி' என்று தமிழாக்கலாம் என்பது என் கருத்து. 'பின்னுருட்டல்' என்று எழுதுவோரும் உளர். எனினும் இங்கே உருள்வது எதுவுமில்லை.

அதே 2016-இல், செம்பூருக்கும் மான்குர்துக்கும் இடையே கோவண்டியைத் தொட்டுச் செல்லும் இருப்புப்பாதையில் இதனை ஒத்த பெருமாற்றம் ஒன்று நிறைவெய்தியது. அதில் நாள்தோறும் பயணம் செய்யும் நம்மவருள் பலர் அதனை உணர்ந்திருக்கவும் மாட்டார்கள். அவ்வாறு உணராமல் இருந்ததே அம்மாற்றத்தின் வெற்றி எனலாம்.

இந்தியாவின் முதல் மின்சார இரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதை வழியே ஓடிற்று. அது கொண்டது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். பின்னர் நகரம் வளர்ந்தது. பாதையும் வளர்ந்து, 1992-இல் கடற்கழியைக் கடந்து வாஷியை அடைந்தது. இதனிடையே 1957-இல் இந்திய இரயில்வே 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமே இனி நாட்டின் நெறி என முடிவு செய்திருந்தது. காரணம் கணக்கிலேயே உள்ளது. 3,000 கிலோவாட் ஆற்றலை 1,500 வோல்ட்டில் செலுத்த 2,000 ஆம்பியர் ஓட வேண்டும். 25,000 வோல்ட்டிலோ ஏறத்தாழ 120 ஆம்பியரே போதும். ஓட்டம் குறையக் குறையக் கம்பியில் வீணாகும் ஆற்றலும் குறையும்; துணை மின்நிலையங்களும் சிலவே தேவைப்படும்.

சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதையும் 1931-இல் இதே நேர்மின்னோட்டத்தில் தொடங்கியதுதான். அது 1960-களிலேயே மாற்றப்பட்டுவிட்டது. பம்பாயில் அது எளிதன்று. இங்கே இருப்புப்பாதை ஒருநாள் நின்றால் நகரமே நிற்கும். கோவண்டியிலிருந்து விடியற்காலையில் புறப்படும் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். மேலும் மாற வேண்டியது கம்பி மட்டுமன்று. உயர்ந்த அழுத்தத்திற்குப் பாலங்களின் அடியில் கூடுதல் இடைவெளி வேண்டும். தண்டவாளத்தில் வண்டி நிற்பதைக் கைகாட்டிக்கு உணர்த்தும் மின்சுற்றுகளும் மாற வேண்டும். ஏனெனில் நேர்மின்னோட்டப் பாதைக்கு ஏற்ற சுற்று மாறுமின்னோட்டப் பாதைக்கு ஒவ்வாது.

ஒரே கம்பியில் இரண்டு மின்னோட்டங்களை ஒருங்கே வைத்திருக்க இயலாது. ஆகவே பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக்கொள்ளும் பொறுப்பை வண்டியின்மீது சுமத்தினர். நெடுந்தொலைவு வண்டிகளுக்காக இருவகை மின்னோட்டத்திலும் இயங்கும் என்ஜின்கள் 1975 முதலே வந்திருந்தன. புறநகர்ப் பயணிகளுக்காக, நம் பெரம்பூர் ஒருங்கிணைந்த பெட்டித் தொழிற்சாலையில் உருவான இருவகை மின்வண்டிகள் 2007 நவம்பரில் மேற்கு இரயில்வேயில் ஓடத் தொடங்கின. மாறுமின்னோட்டம் கிடைத்தால் மின்மாற்றி வழியே இறக்கித் திருத்தி எடுத்துக்கொள்ளும்; நேர்மின்னோட்டம் கிடைத்தால் அப்படியே ஏற்கும். இரு பகுதிகளின் எல்லையில் மின்சாரமற்ற சிறு துண்டு ஒன்று இருக்கும். அங்கே ஓட்டுநர் விசையை நிறுத்த, வண்டி தன் வேகத்தாலேயே கடக்கும். பெட்டியில் விளக்குகளும் விசிறிகளும் சற்றே ஓய்ந்து மீள்வதைப் பழைய பயணிகள் நினைவுகூர்வார்கள்.

இத்தகைய வண்டிகள் போதிய அளவில் வந்தபின், பாதையைப் பகுதி பகுதியாக மாற்றலாயிற்று. ஓர் இரவின் வேலை முடியாமற்போனால் மறுநாள் காலை பழைய மின்னோட்டத்திலேயே வண்டியை விடலாம். முடிந்திருந்தால் புதியதில் விடலாம். பயணிக்கு இரண்டும் ஒன்றே. 1957-இல் நயா பைசா வந்தபோது அணாவையும் சிலகாலம் உடன் புழங்கவிட்டதற்கும் இதற்கும் உறவுண்டு.

ஆனால் இவ்வசதிக்கு விலையும் உண்டு. இருவகை வண்டி ஒருவகை வண்டியைவிடச் சிக்கலானது. அதன் மின்மாற்றி, நேர்மின்னோட்டத்தில் ஓடும்போது வெறும் பாரமே. கணிப்பொறியிலும் இரண்டு பதிப்புகள் இரட்டிப்பு இடம் கேட்கின்றன. அதைவிட நுட்பமான இடர் ஒன்று உண்டு. புதிய பதிப்பு கோப்புகளைப் புதிய வடிவில் எழுதிவிட்டால், பழைய பதிப்பு அவற்றைப் படிக்க இயலாது. சுட்டி திரும்பும், தரவு திரும்பாது. புதுப்பிக்குமுன் கோப்புகளுக்குத் தனிப்படி எடுத்து வைக்கச் சொல்வது இதனாலேயே. இரயில்வேயிலும் இத்தகைய எல்லைக்கோடு இருந்தது. நேர்மின்னோட்டம் மட்டுமே அறிந்த பழைய வண்டிகள் மாறிய பாதையில் கால்வைக்க இயலா. எனவே அவற்றுக்கு ஈடான வண்டிகள் கைக்கு வரும்வரை இறுதி விசையைத் திருப்ப வழியில்லை.

மேற்குப் பாதை 2012-இல் முழுதும் மாறிற்று. மத்திய இரயில்வேயின் முதன்மைப் பாதையில், சத்திரபதி சிவாஜி முனையத்திலிருந்து தாணே வரை எஞ்சியிருந்த பகுதி 2015-இல் மாறிற்று. கடைசியாகத் துறைமுகப் பாதையின் முறை வந்தது. 2016 ஏப்ரலில் ஓர் இரவு, கடைசி நேர்மின்னோட்ட வண்டி ஓடி முடிந்ததும் விசை திருப்பப்பட்டது. 1925-இல் எந்தப் பாதையில் அம்மின்னோட்டம் பிறந்ததோ, அதே பாதையில் 91 ஆண்டுகளுக்குப் பின் அது விடைபெற்றது. திரும்பு வழியும் அத்துடன் மூடப்பட்டது.