கொங்கு நாட்டின் விந்தை நூல்கள்

ஈரோட்டிலிருந்து திருப்பூர் செல்லும் ரயில் பாதையில், பெருந்துறைக்கும் ஊத்துக்குளிக்கும் நடுவே இருக்கிறது விஜயமங்கலம். இடைக்காலத்தில் கொங்குச் சமணத்தின் முக்கிய இடங்களுள் ஒன்றாக இருந்த ஊர் இது. சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. இந்த ஊரையும் இதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள் என்று மரபு சொல்லும் மூவர் தமிழுக்கு மூன்று வகை நூல்களைத் தந்தார்கள்: ஒன்று காப்பியம், ஒன்று இலக்கணம், ஒன்று உரை. அவற்றில் எதுவுமே முழுமையாக நம் கைக்கு வரவில்லை.

காப்பியம், கொங்குவேளிரின் பெருங்கதை. உ. வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்த சுவடியில் தலையும் இல்லை, வாலும் இல்லை. உஞ்சைக் காண்டத்தின் முதல் 31 காதைகள் போய்விட்டன. நரவாண காண்டம் பாதியில் நிற்கிறது. அதனால் கதையின் நடுவிலேதான் படிப்பவர் நுழைய வேண்டியிருக்கிறது. இயந்திர யானையைக் காட்டி உதயணனை ஏமாற்றிச் சிறைபிடித்த நிகழ்ச்சி இந்தக் கதையிலேயே மிகவும் பேர்பெற்றது. அது இழந்த பகுதியோடு போயிற்று. மூலத்தின் கதியும் இதுதான். குணாட்டியர் பைசாச மொழியில் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத்கதை ஒரு பிரதிகூட மிஞ்சாமல் மறைந்துவிட்டது. காணாமல் போன நூலின் வழியில் பிறந்து, தானும் பாதி காணாமல் போன காப்பியம் தமிழில் வேறு உண்டா என்பது ஐயமே.

இலக்கணம், பவணந்தி முனிவரின் நன்னூல். சிறப்புப்பாயிரம் சொல்லும் சனகாபுரத்தைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்றே கொங்குப் புலவர்கள் கொள்கிறார்கள். சீயகங்கன் என்னும் சிற்றரசன் ஐந்திலக்கணத்தையும் கேட்டதாகப் பாயிரம் கூறுகிறது. கையில் இருப்பதோ எழுத்து, சொல் ஆகிய இரண்டு அதிகாரங்கள் மட்டுமே. மற்ற மூன்றும் எழுதப்பட்டனவா, எழுதி அழிந்தனவா என்ற வாதம் ஓயவில்லை. இத்தனைக்கும், பல நூற்றாண்டுகளாகத் தமிழ்ப் பிள்ளைகள் இலக்கணம் கற்றது இந்தக் குறைநூலை வைத்துத்தான். இந்த இரண்டு அதிகாரங்களுக்கே மயிலைநாதர் தொடங்கி ஒருவர்பின் ஒருவராக உரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, நிரம்பையூர் அடியார்க்குநல்லார் சிலப்பதிகாரத்துக்கு எழுதிய உரை. கானல்வரிக்கும் வஞ்சிக் காண்டத்துக்கும் அவர் உரை கிடைக்கவில்லை. கிடைத்த பகுதியோ உரை என்ற எல்லையைத் தாண்டிப் போகிறது. அரங்கேற்று காதைக்கு வந்ததும் அவர் கதையை ஓரமாக நிறுத்திவிட்டு இசையையும் கூத்தையும் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கிவிடுகிறார். குழல் செய்ய மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்து பொருள்கள் ஆகும்; மூங்கிலே உத்தமம். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல். ஒரு கைவினைஞன் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடிய அளவுக்கு விவரம் தருகிறார்.

இந்தச் செய்திகளை எங்கிருந்து எடுத்தார் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்று ஐந்து நூல்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார். சிலப்பதிகாரத்தை இந்த உரையோடு சாமிநாதையர் 1892இல் அச்சேற்றிய காலத்தில் ஐந்துமே வெறும் பெயர்களாகத்தான் இருந்தன. நூல்கள் இறந்த பிறகும் அவற்றின் பட்டியல் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த ஐந்தில் ஒன்று திரும்பி வந்தது, அதுவும் கொங்கு நாட்டிலேயே. ஈரோட்டுப் பகுதியைச் சேர்ந்த வித்துவான் வே. ரா. தெய்வசிகாமணிக் கவுண்டர் ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தவர். அவர் கையில் அகப்பட்ட சுவடிகளிலிருந்து அறிவனாரின் பஞ்சமரபு 1973இல் அச்சுக்கு வந்தது. இசை, முழவு, தாளம், நிருத்தம், அவிநயம் ஆகிய ஐந்தின் மரபையும் வெண்பாவில் சொல்லும் நூல் இது. கருவி செய்வதையும் தாளக் கணக்கையும் அடி பிறழாத யாப்பில் அடைப்பது இன்றைய கண்ணுக்கு வீண்வேலையாகத் தோன்றலாம். ஏடு செல்லரித்தாலும் மனப்பாடத்தில் நிற்கட்டும் என்பதே அந்தக் காலத்தவர் கணக்கு. அந்தக் கணக்கு பாதிதான் பலித்தது என்பது வேறு விஷயம்.

தங்கள் நாட்டின் பெருமையைத் தாங்களே பதிவு செய்யவேண்டும் என்ற எண்ணமும் அதே விஜயமங்கலத்தில்தான் நூலாகியிருக்கிறது. கார்மேகக் கவிஞர் என்னும் சமணப் புலவரின் கொங்கு மண்டல சதகம், தெய்வத்தை விட்டுவிட்டு ஒரு நிலப்பரப்பைப் பாட்டுடைத் தலைமைக்கு வைத்துக்கொண்டது. மலை, ஆறு, வள்ளல், புலவர் என்று நூறு பாட்டிலும் ‘இதுவும் எங்களுடையது’ என்று உரிமை நாட்டப்படுகிறது. பவணந்தி, அடியார்க்குநல்லார், கொங்குவேளிர் மூவருக்கும் அதில் இடமுண்டு. திருச்செங்கோடு தி. அ. முத்துசாமிக் கோனார் இதை 1923இல் விரிவான குறிப்புகளோடு பதிப்பித்தார். வரலாறாகப் படித்தால் சதகம் ஏமாற்றும். கொங்கு மக்கள் எதையெல்லாம் தங்கள் சொத்தாக எண்ணினார்கள் என்று அறிவதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

உரைநடையில் இதற்கு இணை, கொங்குதேச ராஜாக்கள் சரித்திரம். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் ஒன்றான இது கொங்கை ஆண்ட அரசர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர்கள் இதை நம்பி, இதில் வரும் கங்க அரசர்களைச் சேரர்கள் என்று எழுதிவைத்தார்கள். கல்வெட்டுகள் படிக்கப்பட்ட பிறகே அந்தக் குழப்பம் தீர்ந்தது. கோவை வழக்கறிஞர் சி. எம். இராமச்சந்திரன் செட்டியார் பதிப்பித்து 1950இல் இது தமிழில் அச்சானது.

கோவையின் அடுத்த விந்தை நூல் மத்திய சிறையிலிருந்து வந்தது. 1908 முதல் 1910 வரை வ. உ. சிதம்பரம் பிள்ளை அங்கே செக்கிழுத்தார். அந்தக் காலத்திலேயே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய சிறுநூலைத் தமிழாக்கினார். ‘மனம் போல வாழ்வு’ என்ற பெயரில் அது 1909இல் வெளிவந்தது. மனிதனின் நிலையை அவன் எண்ணமே உண்டாக்குகிறது என்பது நூலின் சாரம். வெள்ளையர் அரசு சிறையில் தள்ளிய கப்பல் கம்பெனிக்காரர் ஒருவர் ஆங்கிலேயர் எழுதிய அந்த நூலைத் தேர்ந்தெடுத்தது யோசிக்க வைக்கிறது. இன்று புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்கென்று தனி அலமாரியே உண்டு. தமிழில் அந்த வகையின் முன்னோடிகளுள் ஒன்று சிறைக்கைதியின் மொழிபெயர்ப்பு.

வ. உ. சி.க்கு அந்த நாட்களில் துணைநின்ற கோவை நண்பர்களுள் ஒருவர் சி. கே. சுப்பிரமணிய முதலியார். தொழிலால் வழக்கறிஞரான இவர் பெரியபுராணத்துக்கு ஏழு பகுதிகளாக மாபெரும் உரை எழுதினார். தம் வாழ்க்கைக் கதைக்கு இட்ட தலைப்பில் தம்மைப் ‘பித்தன்’ என்றே குறித்துக்கொண்டார்.

ஈரோட்டிலோ காற்று எதிர்த்திசையில் வீசியது. 1925 மே 2ஆம் தேதி பெரியார் தொடங்கிய குடிஅரசு இதழைச் சுற்றி, சில அணாக்களுக்கு விற்கும் சிறுநூல்கள் பெருகின. பாதிரியாராக வாழ்ந்து 1729இல் இறந்த ஜீன் மெஸ்லியர் என்ற பிரெஞ்சுக்காரர், தமக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போன ‘மரண சாசனம்’ தமிழில் வந்தது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் உரை வந்தது. 1931 அக்டோபரில் கம்யூனிஸ்டு அறிக்கையின் தமிழாக்கம் இதழில் வரத்தொடங்கியது. மஞ்சள் மண்டிக்குப் பேர்போன ஊரில் இவை அச்சாகி, ரயிலேறித் தமிழகமெங்கும் போயின.

இவற்றுள் ஒன்றின் கதை தனி. பகத்சிங் சிறையில் எழுதிய ‘நான் நாத்திகன் ஏன்?’ என்ற கட்டுரையை ப. ஜீவானந்தம் 1930களின் நடுவில் தமிழாக்கினார். அதை வெளியிட்ட குற்றத்துக்காக அவரும் பெரியாரின் அண்ணன் ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைதானார்கள். ஆங்கில மூலம் லாகூரில் ‘தி பீப்பிள்’ இதழில் 1931இல் வெளியாகியிருந்தது. பின்னர் எளிதில் கிடைக்காமல் போயிற்று. அதனால் இந்தத் தமிழ் நூலிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்க்கப்பட்ட வடிவமே சில காலம் மூலம்போல உலவியது.

ஏட்டைவிட உடுக்கைப் பாட்டிலேயே அதிகம் வாழ்ந்த நூல் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்காள் ஆகியோரின் கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவது கொங்கு வழக்கம். கவிஞர் சக்திக்கனல் ஏட்டு வடிவத்தை 1971இல் பதிப்பித்தார். மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பகுதியில் தங்கி, பாடகர் பாடியதை ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் எழுதிக்கொள்வதற்காகச் சொன்ன வடிவத்தையும் தனியாகச் சேர்த்தார். ஒரே வாயிலிருந்து வந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. அவர் சேர்த்த கதை 1992இல் தமிழும் ஆங்கிலமுமாக அச்சில் வந்தது.

பேச்சுமொழிக்கும் இங்கே ஒரு நூல் உண்டு. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்கு 1982இல் சொல்லகராதி தந்த முன்மாதிரியைப் பின்பற்றி, திருச்செங்கோட்டுப் பகுதி நாவலாசிரியர் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியை 2000இல் வெளியிட்டார். ஏர், கிணறு, ஆடுமாடு, சமையல், வசவு என்று காட்டிலும் வீட்டிலும் புழங்கிய சொற்கள் அதில் அகரவரிசையில் நிற்கின்றன. கமலை இறைத்த காலத்தின் சொற்கள் பல, மோட்டார் வந்தபின் வாய்வழக்கிலிருந்து விலகி அந்த அகராதியின் பக்கங்களில் மட்டும் தங்கியிருக்கின்றன.