கோலார் தங்கவயல் கைரேகை வேலைநிறுத்தம்

சுரங்கத் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிந்துவைக்க நிர்வாகம் முனைந்ததை எதிர்த்து, மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயலில் 1930-இல் நடந்த போராட்டம். ஆளின் செயலைப் பார்க்காமல் அவன் சேர்ந்த கூட்டத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது நியாயமா என்ற விவாதத்தில் இது முக்கியமான நிகழ்வு. அதற்குரிய கவனம் இதுவரை கிடைக்கவில்லை.

தங்கவயலின் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் சுரங்கங்களை லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிர்வகித்தது. பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள். அவர்களிலும் ஆதிதிராவிடர்களே அதிகம். ஊரில் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன், இங்கே திருடக்கூடியவன் என்று சோதிக்கப்பட்டான். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்கள் உடம்புச் சோதனைக்கு நின்றுவிட்டுத்தான் லைன் வீட்டுக்குப் போக முடியும். காவலுக்கு வைத்த ஆட்களையும் பஞ்சாப் போன்ற தூர தேசத்திலிருந்தே கொண்டுவந்தார்கள். தங்கக்கல் கையிலிருந்தால் அது எப்படி வந்தது என்று தொழிலாளிதான் விளக்கம் சொல்ல வேண்டும். குற்றஞ்சாட்டுபவரே அதை நிரூபிக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பொது விதியாக இருந்தது. தங்கவயலில் அது தலைகீழாக நின்றது.

தங்கம் திருடு போகவே இல்லை என்று சொல்வதற்கில்லை. போனது. ஆனால் சிலர் எடுத்ததற்காக எல்லோரையும் பதிவேட்டில் ஏற்றுவது வேறு காரியம்.

கைரேகைப் பதிவு பார்வைக்கு எளிது. தகட்டில் மையைத் தடவி, விரலை நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டி எடுப்பார்கள். விரலை உருட்டுவதுகூடத் தொழிலாளியின் கையில் இல்லை, பதிபவர் பிடித்து உருட்டுவார். பதிந்துவிட்டால் ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவன் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த சுரங்கத்தில் வேலைக்குச் சேர முடியாது. அதைவிட, தமிழ்நாட்டில் அந்த மைக்கு வேறொரு பொருள் இருந்தது. சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பதிந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கம் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். பதிவானவன் இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள்மீது போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்பு தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் மீதான கட்டாயப் பதிவை எதிர்த்து காந்தியுடன் நின்றவர்களில் தம்பி நாயுடு உட்படத் தமிழ் பேசியவர்கள் பலர்.

தங்கவயல் வேலைநிறுத்தம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். கூலி உயர்வைவிட மானத்தை முன்வைத்துத் தொடங்கியது என்பதே இதன் தனித்தன்மை. கைரேகைத் திட்டத்தை நிர்வாகம் கைவிட நேர்ந்தது. உடம்புச் சோதனை மட்டும் அப்படியே இருந்தது.

கைரேகைக்கு அந்தப் பொருளைத் தந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் நீக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் வந்தன. கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக 2022-இல் வந்த சட்டம் கைரேகையோடு கருவிழிப் பதிவையும் எடுக்கப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன.