கீசர்: அழுத்தக் குறைவும் கசிவும்

வீட்டையே சூடாக்கும் பாய்லருக்குப் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் வேலையில்லை. இங்கே வெந்நீர் என்றால் குளியலறைக் கீசர்தான். மொட்டைமாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடிக் குளியலறைக்கும் தொட்டிக்கும் 2 மீட்டரே இடைவெளி என்றால் 0.2 பார்தான், ஷவர் சொட்டுவதற்குக் கீசரைக் குறைசொல்வது வீண். குளிர்நீர் நன்றாகப் பாய்ந்து, வெந்நீர் மட்டும் மெலிந்தால் உப்புப்படிவு அல்லது ஆங்கிள் வால்வு அடைப்பைப் பார்க்க வேண்டும்.

கசிவு எங்கிருந்து என்பதே முக்கியம். சூடேறும்போது மட்டும் பாதுகாப்பு வால்வு சொட்டினால் பெரும்பாலும் பழுதல்ல: 15 லிட்டர் நீர் 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடானால் கால் லிட்டர் அளவு விரியும், அது வெளியேறியாக வேண்டும். ஓயாமல் சொட்டினால் வால்வில் உப்பு சிக்கியிருக்கலாம். பிரஷர் பம்ப்பின் மிகை அழுத்தமாகவும் இருக்கலாம். எரிச்சல்பட்டு வால்வின் சொட்டும் துளையை அடைப்பவர்கள் உண்டு. அந்நிலையில் தெர்மோஸ்டாட்டும் பழுதானால் கலம் வெடிக்கலாம்.

ஹீட்டர் பொருந்தும் தட்டோரம் கசிந்தால் கேஸ்கெட் மாற்றினால் போதும். வெளியுறையிலிருந்து துருநீர் வடிந்தால் உள்கலம் ஓட்டை. கலத்தைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியத் தண்டு கரைந்ததைக் கவனிக்காமல் விட்டதன் விளைவாக இருக்கலாம். ஓட்டைக் கலத்தைப் பற்றவைப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல். எதைத் தொடுவதானாலும் முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.